பரம்படித்த பத்து மீட்டர்

மேல் யாவோர்,
2009 ஜூன் 5

லோசான்,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: எல்லைக்காவல் சார்ஜென்ட் கெனோவ். அவனுடைய இரண்டு சிப்பாய்கள், ஒருவனுக்குக் கன்னமெல்லாம் பரு. அவர்களுடைய கறுப்பு நாய். பரம்பு ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பர்வான். பர்வானின் செம்பழுப்புக் குதிரை. ரைனா சித்தி, கையில் பால் வாளியோடு. அப்பா, வெறுங்காலோடு. நான், பதின்மூன்று வயது. அம்மா வரவில்லை. நீ இல்லை.

1951, ஏப்ரல், திங்கட்கிழமை காலை. ஐம்பத்தெட்டு வருஷமாகிவிட்டது, குதிரையின் நிறம் வரைக்கும் சொல்கிறேன் பார். அதனால் என்னிடம் கதை விடலாம் என்று நினைக்காதே.

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். புத்தாண்டுக்குப் புத்தாண்டு நீ அனுப்பிய வாழ்த்து அட்டைகளை என் அடுப்புதான் படித்தது. இப்போது எழுத வைத்தது இந்த ரோடு.

நேற்று மேயர் வந்தான். யார் தெரியுமா? அந்தப் பர்வானின் பேரன், ஸ்வெத்லின். கையில் ஒரு பெட்டி சாக்லேட், கக்கத்தில் காகிதக் கட்டு.

"பாட்டி, ஒரே ஒரு கையெழுத்து. உங்க புல் நிலத்துல பத்து மீட்டர் அகலத்துக்கு இடம் வேணும். அந்தப் பக்கம் செர்பியாக்காரன் எல்லைக்கல் வரைக்கும் தார் போட்டு முடிச்சுட்டான். நம்ம பக்கம் உங்க வேலி வரைக்கும் வந்து நிக்குது. நடுவுல நீங்கதான்."

"நடுவுல எப்பவும் நான்தான்டா," என்றேன்.

"கீழ் யாவோருக்கு இப்ப சுத்திப் போனா நூத்தி நாப்பது கிலோமீட்டர். ரோடு வந்தா ரெண்டே கிலோமீட்டர், பாட்டி."

"அங்க எனக்கு யாரு இருக்கா?"

"உங்க அண்ணன் இருக்காரே! ரெண்டு ஊர் ஆபீசுக்கும் மாறி மாறி லெட்டர் போட்டு இந்த ரோட்டைக் கொண்டுவந்ததே அவர்தானே."

சாக்லேட்டை வாங்கிக்கொண்டேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பத்து மீட்டர் எது என்று உனக்குத் தெரியாதா? எல்லையோரமாக உழுது, பரம்படித்து, மாவு மாதிரி வைத்திருந்தார்களே, அந்தக் கீற்று. ராத்திரி யார் கால் வைத்தாலும் காலையில் தடம் தெரிய வேண்டும் என்று. அதன்மேல்தான் நீ நடந்தாய். அதுவும் எப்படி? அப்பாவின் டயர் செருப்பைப் போட்டுக்கொண்டு, முதுகு காட்டி, பின்னாலேயே நடந்து யூகோஸ்லாவியாவுக்குப் போனாய். தடத்தைப் பார்த்தவனுக்கு எவனோ அங்கிருந்து இங்கே வந்த மாதிரி இருந்தது. பர்வான் குனிந்து பார்த்தான். குதிகாலில் அரிவாள் பட்ட கீறல் மண்ணில் அச்சாக விழுந்திருந்தது. "இது கிளிகோரோட செருப்பு," என்றான்.

அப்பாவை இழுத்து வந்தார்கள். கெனோவ் அவர் காலைப் பார்த்தான்.

"உன் செருப்பு எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

அவ்வளவுதான். அப்பா அந்தப் பக்கம் போய் உளவு சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார், செருப்பை எரித்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டாத மனுஷன் ஐந்து வருஷம் உள்ளே கிடந்தார். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் கிடந்தார். அந்தக் கீற்றுக்குப் பரம்படிக்கும் வேலை முறை வைத்து ஊராருக்கு வரும். அப்பாவின் முறை என் தலையில் விழுந்தது. பதினாறு வருஷம் அந்த மண்ணை நான் மாவாக்கினேன்.

கையெழுத்து வேண்டுமா? உன் கையால் எழுதி அனுப்பு: "அப்பா தூங்கும்போது அவருடைய செருப்பைத் திருடினேன். எனக்குப் பதிலாக அவர் சிறைக்குப் போனார்." அதை ஊரில் செத்தவர்கள் படம் போட்ட துக்கத் தாள் ஒட்டும் பலகையில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். ஒட்டிய அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். செப்டம்பர் முடிந்தால் ரோட்டுத் திட்டமும் முடிந்துவிடுமாம். எனக்கு அவசரமில்லை.

போனில் கூப்பிடாதே. பேச்சை மாற்றிவிடலாம். எழுத்தை மாற்ற முடியாது.

கிளிகோரின் மகள்
பெட்கானா


கீழ் யாவோர்,
2009 ஜூன் 20

தங்கச்சி,

உன் கடிதம் வந்து சேர பதினோரு நாளாயிற்று. சோபியாவுக்குப் போய், பெல்கிரேடுக்குப் போய், அங்கிருந்து மலையேறி வந்திருக்கிறது. உன் வீட்டுப் புகை என் ஜன்னலில் தெரிகிறது. காலையில் நீ எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகத் தாமதமாக எழுந்திருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

திட்டினாலும் உன் கையெழுத்து. நான்கு தடவை படித்தேன்.

எங்கள் பக்கத்துத் தார் எல்லைக்கல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கப்பால் உன் புல். வண்டி எதுவும் வராததால் பையன்கள் அதில் பந்து விளையாடுகிறார்கள். போன வாரம் உன் ஆடு ஒன்று, வெள்ளைக் காது, கல்லைத் தாண்டி வந்து சூட்டுக்கு இதமாகத் தார்மேல் படுத்துக்கொண்டது. பாஸ்போர்ட் கேட்டேன். முறைத்தது. உன்னுடைய ஆடுதான், சந்தேகமே இல்லை.

முப்பத்தோரு வருஷம் ரோடு ரோலர் ஓட்டினேன். கடற்கரையில் போட்டேன், மலையில் போட்டேன், பெயர் வாயில் நுழையாத ஊர்களிலெல்லாம் போட்டேன். நம் இரண்டு யாவோருக்கும் நடுவே மட்டும் ரோடு இல்லை. ரோலர் முன்னால் எவ்வளவு போகிறதோ அவ்வளவு பின்னாலும் போக வேண்டும். பின்னால் போவதில் எனக்குப் பழக்கமுண்டு என்று மேஸ்திரி சொல்வான். விஷயம் தெரியாமல்தான்.

ஏன் இந்த ரோட்டுக்கு அலைகிறேன் என்று கேட்பாய். நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். டாக்டர் என் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, குளிர்காலத்தில் எங்கேயும் போகாதீர்கள் என்றார். அடுத்த குளிர்காலத்திலா என்றேன். அவர் கருவியை மடித்துப் பையில் வைத்தார். நூற்று நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் இந்த உடம்பு தாங்காது. இரண்டு கிலோமீட்டர் தாங்கும். நவம்பரில் இறந்தோர் சனிக்கிழமை வருகிறதே, அன்றைக்கு அப்பா குழியில் ஒரு கிண்ணம் அவித்த கோதுமை வைத்து, ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

1991ல் எல்லைக் கெடுபிடி தளர்ந்தபோது சுற்றிக்கொண்டு வந்தேன். உன் கேட்டில் அப்பாவின் துக்கத் தாள் ஒட்டியிருந்தது. "நினைவில் வருந்தும் மகள் பெட்கானா" என்று மட்டும் இருந்தது. நீ ஜன்னலிலிருந்து பார்த்தாய், திரையை இழுத்தாய். நான் தாளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

நீ கேட்டதை எழுதலாம். எழுத முடியாது என்றில்லை. அம்மா உயிரோடு இருந்தால்... சரி, அதை விடு. கொஞ்சம் யோசிக்க விடு.

லோசான்


மேல் யாவோர்,
2009 ஜூலை 4

லோசான்,

என் அடுப்பை எட்டிப் பார்க்காதே. பின்னால் நடந்ததை வைத்து என்னிடம் ஜோக் அடிக்காதே. ஆட்டைத் திருப்பி அனுப்பு.

ஐம்பத்தெட்டு வருஷம் யோசித்தது போதாதா உனக்கு?

நீ ஓடியது அந்த வருஷம் ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை ஏதோ மரம் வெட்டும் முகாமில் ஒளிந்திருக்கிறாய் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்ததும், ஓடியவன் குடும்பம் என்று நம்மையும் வடக்குச் சமவெளிக்குத் துரத்தியிருப்பார்கள். மூன்று குடும்பத்தை அனுப்பினார்கள், ஒரு பண்டபாத்திரம்கூட எடுக்க விடவில்லை. நம்மை ஏன் அனுப்பவில்லை? அம்மா முற்றத்தில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள்: "பெத்த அப்பன் செருப்பையே திருடிட்டுப் போனவன் என் பிள்ளையே இல்ல!" என்னைப் பள்ளியில் பெஞ்சுமேல் நிறுத்தினார்கள். "உனக்கு அண்ணன் உண்டா?" என்று அதிகாரி கேட்டான். "இல்ல. அவன் திருடன். எங்கப்பாவ அழிச்சவன்," என்றேன். அழுதுகொண்டே சொன்னேன், மனசாரச் சொன்னேன். அதிகாரி அம்மாவிடம், "குழந்தை பொய் சொல்லலை," என்றான். வீடு தப்பியது. அப்பா தப்பவில்லை, போட்ட தண்டனையை அவர்கள் திருத்திக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் என்னோடு யாரும் பேசவில்லை, நானும் போகவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் உன்னிடமே வைத்துக்கொள்.

1957, எல்லைக் கூடல். வருஷத்துக்கு ஒரு நாள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, இரண்டு பக்கத்து உறவும் கம்பிக்கு நடுவே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்களே, அந்த முதல் வருஷம். அப்பா சிறையிலிருந்து வந்து எட்டு மாசம். அம்மா உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊருக்கு முன்னால் மகனே இல்லை என்றவள்! நீ என்னிடம் ஒரு பொட்டலம் நீட்டினாய். பிரித்தால் செருப்பு! பட்டணத்துச் செருப்பு, பித்தளை வளையம் வைத்தது. செருப்பைத் திருடியவன் செருப்பு தருகிறான். உன் மூஞ்சியைப் பார்த்து எறிந்தேன். ஒன்று காதில் பட்டது. இன்னொன்று தப்பிவிட்டதே என்று இன்று வரை வருத்தம்.

அப்பா உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். நான் பத்தடி தள்ளி நின்றேன், காதில் விழவில்லை. நீ தேம்பித் தேம்பி அழுதாய். நன்றாகத் திட்டியிருப்பார். அடுத்த வசந்தத்தில் செத்துப்போனார். சிறையிலிருந்து வந்து செத்துப்போகும் வரை வீட்டில் அவர் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நான் கேட்டதை எழுது. சுற்றி வளைக்காதே.

பெட்கானா


கீழ் யாவோர்,
2009 ஜூலை 19

தங்கச்சி,

நீ கேட்டபடி.

நான், கிளிகோரின் மகன் லோசான், 1951 ஏப்ரலில் ஒரு ஞாயிறு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பின், அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்த அப்பாவின் டயர் செருப்பைத் திருடிக்கொண்டேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நீ மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாய். போர்வை விலகியிருந்தது, இழுத்துவிட்டேன். பிறகு கீற்றில் பின்னாலேயே நடந்து எல்லையைக் கடந்தேன். எனக்குப் பதிலாக அப்பா சிறைக்குப் போனார்.

இது என் சொந்தப் புத்தியோடு எழுதியது. ஒட்டிக்கொள்.

ஸ்வெத்லினிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. ஆடு தானாகவே வந்துவிட்டதா?

லோசான்


மேல் யாவோர்,
2009 ஆகஸ்ட் 2

பொய்யனே,

பலகை வரைக்கும் போய்விட்டேன். பசை தடவிவிட்டேன். அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை படித்தேன். கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். கையெல்லாம் பசை.

யாரை ஏமாற்றுகிறாய்?

1951ல் அந்த ஞாயிறு மாலை ஒரு குட்டி பிறந்தது, கறுப்பு ஆட்டுக்கு, மூச்சுத் திணறலோடு. நான்தான் அதைக் கோணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, அடுப்போடு ஒட்டி வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைக்கவும் இடமில்லை. செருப்பு எங்கே காய்ந்தது, குட்டியின் தலையிலா?

செருப்பைத் திருடினாய், சரி. அப்பாவின் கால் சுற்றுத் துணி எங்கே? டயர் செருப்பைத் துணி சுற்றாமல் போட முடியுமா? முழங்கால் வரை மூன்று முழம் சுற்றி, வாரைக் குறுக்கே இழுத்து முடிய வேண்டும். உனக்கு அது வராது. பத்தொன்பது வயதிலும் அம்மாதான் உனக்குச் சுற்றிவிடுவாள், ஊரே சிரிக்கும். மறுநாள் கொடியில் அப்பாவின் துணி இல்லை. இத்தனை வருஷமாக அதை நான் யோசித்ததே இல்லை. நீ பொய் எழுதியதால் யோசித்தேன்.

கடைசியாக, போர்வை! வெட்கமாயில்லை? நான் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, லோசான். மாலையிலேயே ரைனா சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். சித்திக்குக் காய்ச்சல், துணைக்குப் படுத்துக்கோ என்று ஒரு சட்டி அவரைக்காய்க் குழம்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். போனால் சித்தி தும்மக்கூட இல்லை, கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். அவள் வீடு கீற்றுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் மறுநாள் காலையில் நான் அங்கே நின்றேன். இல்லாவிட்டால் அப்பா வெறுங்காலோடு நின்றதை என் கண் பார்த்திருக்காது.

இல்லாத பிள்ளைக்குப் போர்வை போர்த்தியிருக்கிறாய்.

நீ திருடவில்லை என்றால் என்ன நடந்தது? ஏன் திருடினேன் என்று எழுதுகிறாய்? யாருக்காக? காய்ச்சல் இல்லாத சித்திக்கு என்னை யார் துணைக்கு அனுப்பினார்கள் என்பது எனக்கு ஞாபகமிருக்கிறது. அந்தச் சட்டியை என் கையில் கொடுத்த கையும் ஞாபகமிருக்கிறது. உன் வாயால் வரட்டும்.

இரண்டாம் தடவை பொய் எழுதினால் அந்த நிலத்தில் வேலிக்கு மேல் வேலி போடுவேன்.

பெட்கானா


கீழ் யாவோர்,
2009 ஆகஸ்ட் 20

பெட்கா,

போர்வை பொய்யில்லை. வேறொரு ராத்திரி அது. எத்தனையோ ராத்திரி இழுத்துவிட்டிருக்கிறேன், நீ கால் உதைத்துத் தூங்குவாய். அதிலொன்றை எடுத்து அங்கே வைத்தேன். உன்னிடம் மாட்டுவேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சத்தியத்தை மீறுகிறேன். அம்மா செத்து இருபத்தாறு வருஷமாயிற்று. மேலே போய் அவளிடம் நான் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மதுக்கடையில் ஆட்டுக்கூட்டுறவுத் தலைவனை நான் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். நம் ஆட்டில் கறுப்பு ஒன்றைத் தவிர பதினொன்றையும் ஓட்டிக்கொண்டு போனவன். திங்கட்கிழமை என்னைப் பிடிக்க வருவார்கள் என்று ஒருவன் வந்து சொன்னான். ஞாயிறு மாலை அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் உட்கார்ந்தோம். உன்னை அதற்கு முன்பே அனுப்பியாயிற்று.

அப்பாதான் பேசினார். "போறதா இருந்தா இன்னிக்கே போ. கீத்துல பின்னாலயே நட. எவனோ உள்ள வந்துட்டான்னு இங்க தேடுவானுங்க. அங்க உன்னைத் தேட மாட்டானுங்க. தேடித் தேடி ஒருத்தனும் கிடைக்காம சலிச்சுப் போவானுங்க." எவ்வளவு நல்ல யோசனை என்று நான் நினைத்தேன். அப்பா சிரிக்கக்கூடச் செய்தார்.

என் காலில் பன்றித்தோல் செருப்பு, அடியில் ஓட்டை. மேட்டில் இன்னும் பனி. அப்பா குனிந்து தன் காலிலிருந்து கழற்றினார். "இந்தா. புது டயர். பெல்கிரேட் வரைக்கும் தாங்கும்." துணியையும் அவிழ்த்தார், அவர் காலின் சூடு அதிலிருந்தது. அம்மாதான் எனக்குச் சுற்றிவிட்டாள். நீ சொன்னது சரி. எனக்கு அது வராது.

மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தோம். நிலா எப்போது விழும், காவல் எப்போது மாறும், எல்லாம். குதிகாலில் இருந்த கீறல் மூன்று பேருக்கும் ஞாபகம் வரவில்லை. நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்.

கூடல் அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. என் காலைப் பார்த்தார். "செருப்பு தாங்கிச்சாடா?" என்றார். "தாங்கிச்சுப்பா," என்றேன். அவ்வளவுதான்.

அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "பொண்ணுகிட்ட சொல்லிடாதே. அவ நம்பறதாலதான் வீடு நிக்குது. தெரிஞ்சா அவ மூஞ்சில தெரிஞ்சுடும். என் தலைமேல சத்தியம் பண்ணு." செய்தேன். காலம் மாறியதும் அவளே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அட்டை போட்டுவிட்டு, இந்த வருஷம் சொல்லியிருப்பாள், இந்த வருஷம் பதில் வரும் என்று இருப்பேன். 1991ல் நீ திரையை இழுத்தபோதுதான் அவள் சொல்லாமலேயே செத்துப்போனாள் என்று தெரிந்தது. அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தவளைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அதைவிட நீ என்னையே வெறுத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டேன். அதுவும் எனக்குப் பழகிவிட்டது.

செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. டயர் மக்கவில்லை.

ரோட்டைப் பற்றி இனி நான் கேட்கவில்லை. அது உன் மண். உன் இஷ்டம்.

லோசான்


மேல் யாவோர்,
2009 செப்டம்பர் 26

லோசான்,

அண்ணா என்று எழுத உட்கார்ந்தேன். கை பழகவில்லை. அப்புறம் பார்ப்போம்.

மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நீ ஜன்னலில் பார்த்து ஊரைக் கூட்டியிருப்பாய் என்று தெரியும். ஸ்வெத்லின் ஓடிவந்து கதவைத் தட்டினான். "பாட்டி, உங்க அண்ணன் போன் மேல போன். உயிரோட இருக்கீங்களான்னு கேக்கச் சொல்றார்." "இருக்கேன்னு சொல்லு. காகிதத்தை எடுத்துட்டு வா," என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சும்மா போடவில்லை. "எழுதிக்கோடா," என்று சொல்லி எழுத வைத்தேன். தார் அடுத்த வசந்தத்தில்தான். அதற்கு முன் நவம்பரில் இறந்தோர் சனிக்கிழமை ஒரு நாள், பழைய கூடல் மாதிரி, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை எல்லையைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் எழுதி, முத்திரை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்ட வேண்டும். காட்டினான். நல்ல பையன். அதை அவனிடம் சொல்லவில்லை.

போகும்போது நின்று, "எங்க தாத்தா அன்னிக்கு ஏன் சொன்னார்னு எனக்கும் தெரியாது, பாட்டி," என்றான். எனக்குத் தெரியும். கீறலைப் பர்வான் பார்த்தான், அவன் பார்த்ததைக் கெனோவ் பார்த்தான். பர்வானின் முதுகுக்குப் பின்னால் பருக்காரச் சிப்பாயின் துப்பாக்கி இருந்தது, நான் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் உப்புகூடக் கொடுத்ததில்லை. நேற்று ஒரு பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினேன். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. கெனோவ் எந்த ஊரில் எந்த மண்ணில் கிடக்கிறானோ, அவன் தின்ற சம்பளத்துக்கு வேலை செய்தான்.

நீயும் அப்பாவும் முட்டாள்கள். தனக்கென்று ஒரு கீறல் இருக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு தடத்தை மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். முட்டாள்தனத்தை நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பட்டணத்துச் செருப்பு எந்த அளவு என்று ஞாபகமிருந்தால் எழுது. என் கால் அன்றைக்கு முப்பத்தாறு. பெரிதாக வாங்கியிருப்பாய், நீ எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்குவாய்.

அப்பாவுக்குப் புதுத் துக்கத் தாள் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். "நினைவில் வருந்தும் மகன் லோசான், மகள் பெட்கானா." அச்சுக்காரன் உன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். திருப்பி அடிக்கச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அந்தப் பத்து மீட்டரையும் நானே உழவைத்து, பரம்படித்து, மாவு மாதிரி வைத்திருப்பேன். கை மறக்கவில்லை. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வா. துணியைச் சுற்ற உனக்கு வராது, கல்லுக்கு அந்தப் பக்கமே நில், நான் வந்து சுற்றிவிடுகிறேன். அப்புறம் முகம் என் பக்கம் பார்க்க நட. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த மண்ணில் ஒழுங்காக நட. கீறல் பதிய வேண்டும். நான் குனிந்து பார்ப்பேன்.

கோதுமையை நான் அவிக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் ஒரு கிண்ணம்.

ஏன் ஒன்று என்று கேட்காதே. முதல் கடிதத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதினேன். அம்மா வரவில்லை என்றும் எழுதினேன். ஏன் வரவில்லை என்று இந்த ஆயுளில் ஒரு தடவை நான் கேட்டதில்லை. குட்டிக்குப் பால் புகட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

நான் நம்பியதால் வீடு நின்றது என்றாளாம். சரி. அந்த வருஷம் நின்றது. ஸ்டாலின் செத்தான், அப்பா வந்தார், அப்பா போனார், எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவளும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே சட்டியில் தின்றோம். கீற்றில் பரம்படித்துவிட்டு வரும்போதெல்லாம் உன்னைச் சபித்துக்கொண்டே வருவேன். அவள் என் காலில் அப்பிய மண்ணைக் கழுவிவிடுவாள். கழுவிக்கொண்டே நான் சபிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி வாரம் படுக்கையில் கிடந்தபோதும், "அவன் மட்டும் அந்தச் செருப்பைத் திருடாம இருந்திருந்தா," என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

முப்பத்திரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுடைய துக்கத் தாளை இன்று காலை கேட்டிலிருந்து கிழித்துவிட்டேன். நீ வேண்டுமானால் அவள் குழியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொள், தடுக்கமாட்டேன். பர்வானை விட்டாயிற்று, கெனோவை விட்டாயிற்று, உன்னை விட்டாயிற்று. ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன், இந்த மண்ணுக்குள் போனாலும் மாட்டேன்.

நம் அம்மா, ஸ்தோய்னாவை.

பெட்கானா